அப்பாவுக்கு ஸ்டென்ட், அம்மாவுக்கு இன்சுலின்: கப்பலில் கூட்டிப் போகலாமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். அப்பாவுக்கு 71 வயது, பத்து மாதத்துக்கு முன் ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு 66, பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை, காலையும் இரவும் இன்சுலின். 2020 மார்ச்சில் சிங்கப்பூரில் ஏற வேண்டிய கப்பல் கொரோனாவால் நின்றுபோனது. இப்போது மறுபடியும் அதே பயணம்: சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட், திரும்பவும் சிங்கப்பூர், நான்கு இரவு. "அந்த ஜப்பான் கப்பல் மாதிரி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டால்?" என்கிறார் அப்பா. கப்பலில் ஏதாவது ஆனால் யார் பார்ப்பார்கள் என்பது உங்கள் கவலை. ஊறுகாய் கொண்டுபோகலாமா என்பது அம்மாவுடையது.

போகலாம். அப்பாவின் இதய மருத்துவர் சரி என்று எழுதிக் கொடுத்தால் தாராளமாகப் போகலாம். நான் நர்ஸ். சென்னையில் எமர்ஜென்சி வார்டில் ஏழு வருடம் இருந்துவிட்டு, அப்புறம் ஆறு கான்ட்ராக்ட் பயணிகள் கப்பலின் மருத்துவ மையத்தில் வேலை பார்த்தேன். அதில் இரண்டு, கொரோனாவுக்குப் பிறகு கப்பல்கள் மறுபடி ஓட ஆரம்பித்த சமயத்தில். எழுதுவதெல்லாம் அங்கே பார்த்ததை வைத்துத்தான். மருந்தை மாற்றுவது, அளவைக் குறைப்பது எல்லாம் உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது.

அப்பாவின் பயத்தை முதலில் பார்த்துவிடுவோம். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்தி வைக்கப்பட்ட டயமண்ட் பிரின்சஸில் 3,711 பேர் இருந்தார்கள். 712 பேருக்குத் தொற்று வந்தது. பயணிகளைக் கேபினுக்குள் இருக்கச் சொன்னார்கள், சரி. ஆனால் அந்தக் கேபின்களுக்குச் சாப்பாடு கொண்டுபோன ஊழியர்கள் அறையைப் பகிர்ந்துகொண்டு, ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். கப்பலில் இருந்த இந்திய ஊழியர்கள் மட்டும் 132 பேர். நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. பிப்ரவரி 27 அன்று ஏர் இந்தியா விமானத்தில் 119 இந்தியர்களை டெல்லிக்கு அழைத்துவந்து மானேசரில் தனிமைப்படுத்தி வைத்தார்கள். அதே மாதம் வெஸ்டர்டாம் என்ற கப்பலை ஐந்து இடங்களில் திருப்பி அனுப்பி, கடைசியில் கம்போடியா இறங்கவிட்டது. இதையெல்லாம் டிவியில் பார்த்தவருக்குப் பயம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் அன்றைக்குத் தடுப்பூசி கிடையாது, கையில் வைத்துச் செய்யும் பரிசோதனை கிடையாது, எந்தத் துறைமுகத்துக்கும் இந்த நோயோடு வரும் கப்பலை என்ன செய்வது என்று தெரியாது. இன்று ஒரு பயணிக்குக் கொரோனா என்றால் அவரைச் சில நாள் கேபினில் இருக்கச் சொல்வார்கள், சாப்பாடு கதவுக்கு வரும், வெளியே வரும்போது மாஸ்க். கப்பல் தன் வழியில் போய்க்கொண்டிருக்கும். கப்பல்களுக்கென்று தனியாக வைத்திருந்த கொரோனா திட்டத்தை அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2022 ஜூலை 18-லேயே முடித்துக்கொண்டுவிட்டது.

அந்தக் காலத்திலிருந்து ஒரு கெட்ட பழக்கம் மட்டும் மிஞ்சிவிட்டது: மறைப்பது. 2020 டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து எங்கும் இறங்காமல் சுற்றிவிட்டுத் திரும்பும் பயணம் ஒன்றில், குவாண்டம் ஆஃப் த சீஸ் கப்பலில் நடந்தது இது. 83 வயதுக்காரர் ஒருவர் வயிற்றுப்போக்கு என்று மருத்துவ மையத்துக்குப் போனார். விதிப்படி கொரோனா பரிசோதனை செய்தார்கள், பாசிட்டிவ். சுமார் 1,700 பயணிகளோடு கப்பல் ஒரு நாள் முன்னதாகவே சிங்கப்பூருக்குத் திரும்பியது. கரையில் மறுபடி மறுபடி பரிசோதித்ததில் அவருக்குத் தொற்றே இல்லை என்று தெரிந்தது. அவர் செய்தது சரியான காரியம். ஆனால் பார்த்தவர்கள் கற்றுக்கொண்ட பாடம் வேறு: வயிறு சரியில்லை என்று வாயைத் திறக்காதே.

அதன் விலையை நான் நேரில் பார்த்தேன். தாத்தா, பாட்டி, மகன்கள், பேரப்பிள்ளைகள் என்று பதினோரு பேர் கொண்ட ஒரு குடும்பம். மூன்றாம் நாள் விடியற்காலை நாலு மணிக்குப் போன் வந்தது, பாட்டி பாத்ரூமில் விழுந்துவிட்டார் என்று. போய்ப் பார்த்தால் நாக்கு காய்ந்த தோல் மாதிரி இருக்கிறது, பிபி 80-க்கு மேல் ஏறவில்லை, கைவிரல் எல்லாம் ஜில்லென்று. முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே பேதி. "சொன்னால் ரூமில் போட்டுப் பூட்டிவிடுவார்கள், பிள்ளைகள் ஊர் பார்க்க முடியாது" என்று அவரே எல்லோர் வாயையும் அடைத்திருக்கிறார். அதற்கு நடுவிலும் பிபி மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை மூன்றையும் நேரம் தவறாமல் போட்டிருக்கிறார். உடம்பில் தண்ணீரே இல்லாதபோது நீரை வெளியேற்றும் மாத்திரை! சலைன் ஏற்றி, இரண்டு நாள் படுக்க வைத்து, ஒருவழியாகத் தேறினார். மறுநாளே இரண்டு பேரன்களுக்கு அதே வாந்தி பேதி. கடைசியில் மூன்று கேபினும் தனிமையில்தான் இருந்தது.

அதனால் பயணத்துக்கு முன் அம்மாவின் சர்க்கரை டாக்டரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: "வாந்தி பேதி வந்தால் எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், இன்சுலினை எவ்வளவு குறைக்க வேண்டும்?" மெட்ஃபார்மின், டாபாக்ளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரைகள், டெல்மிசார்டன் மாதிரி பிபி மாத்திரைகள், நீர் மாத்திரைகள் இவற்றையெல்லாம் அந்த நேரத்தில் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வது வழக்கம். இன்சுலினை மட்டும் அம்மாவாக முழுசாக நிறுத்திவிடக் கூடாது. அப்பாவின் ஸ்டென்ட் மாத்திரைகளும் அப்படித்தான், டாக்டர் சொல்லாமல் ஒரு வேளைகூட விடக் கூடாது.

கப்பலில் வயிற்றைக் கெடுப்பது பெரும்பாலும் நோரோ வைரஸ். உள்ளே போன 12 முதல் 48 மணி நேரத்தில் வேலையைக் காட்டும், ஒன்றிலிருந்து மூன்று நாளில் போய்விடும். கப்பலுக்கு மட்டுமே உரிய நோய் மாதிரி ஒரு பேச்சு இருக்கிறது. உண்மையில் பதிவாகும் நோரோ பரவல்களில் ஒரு சதவீதம்தான் கப்பலில் நடப்பது என்று சிடிசியே சொல்கிறது. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வெளிநாடு போய் வரும் கப்பல்களில் பயணிகளிலோ ஊழியர்களிலோ 3 சதவீதம் பேருக்கு வயிற்றுக் கோளாறு வந்தாலே பகிரங்கமாக அறிவித்துவிடுகிறார்கள். நம் ஊர்க் கல்யாண மண்டபத்துக்கு அப்படி ஒரு கணக்கு இருந்தால் தெரியும். அந்தக் கப்பல்களைச் சொல்லாமல் போய்ச் சோதித்து நூற்றுக்கு மதிப்பெண்ணும் போடுகிறார்கள். 86-க்குக் குறைந்தால் தோல்வி. உங்கள் கப்பல் ஆசியாவில் மட்டும் ஓடுவதென்றால் அந்தப் பட்டியலில் இருக்காது. வருடத்தில் சில மாதம் அலாஸ்கா பக்கம் போகிற கப்பல் என்றால் சிடிசி தளத்தில் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள், கிடைக்கும்.

சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் ஒருவர் "வாஷி வாஷி" என்று பாட்டுப் பாடிக்கொண்டே கையில் சானிடைசரைப் பீய்ச்சுவார். பாட்டு நன்றாக இருக்கும். நோரோவுக்கு அது பத்தாது. அந்த வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை இல்லாததால் ஆல்கஹால் அதை லேசில் ஒன்றும் செய்யாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் இருபது விநாடியும்தான் வழி. இன்னொன்று, நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். வாசலில் கை கழுவிவிட்டு உள்ளே போய், ஆயிரம் பேர் தொட்ட பஃபே கரண்டியைப் பிடித்து, அதே கையால் இட்லியைப் பிட்டு வாயில் வைத்தால் கழுவியதற்கு என்ன அர்த்தம்? தட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டு, அப்புறம் போய்க் கை கழுவிவிட்டு வந்து உட்காரச் சொல்லுங்கள். பொட்டலத்தில் வரும் ஓஆர்எஸ் ஆறேழு எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கரைக்கும் வகை. பழச்சாறு டப்பாவில் ஓஆர்எஸ் என்று பெயர் போட்டு விற்றதை 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ நிறுத்தச் சொன்னது நினைவிருக்கும். சர்க்கரை நோயாளிக்குப் பேதி நேரத்தில் அந்த இனிப்புத் தண்ணீர் ஆகவே ஆகாது.

சரி, யார் பார்ப்பார்கள்?

மருத்துவ மையம் பெரும்பாலும் கீழ்த் தளங்களில் ஒன்றில், கரைக்கு இறங்கும் கேங்வே வாசலுக்குப் பக்கமாக இருக்கும். ஸ்ட்ரெச்சரைச் சீக்கிரம் வெளியே கொண்டுபோக வசதி, ஆட்டமும் அங்கே குறைவு. பெரிய கப்பலில் இரண்டு டாக்டர், நாலைந்து நர்ஸ். காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம் ஓபி மாதிரி திறந்திருக்கும். அவசரத்துக்கு 24 மணி நேரமும் ஆள் உண்டு. எண் கேபின் போனிலேயே ஒட்டியிருக்கும். "கோட் ஆல்ஃபா" என்று ஸ்பீக்கரில் கேட்டால் எங்கேயோ யாருக்கோ உடம்பு முடியவில்லை, எங்கள் கூட்டம் ஸ்ட்ரெச்சரோடு ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பதற வேண்டாம், தாழ்வாரத்தில் வழி விட்டால் போதும்.

பெரிய நிறுவனங்களின் கப்பல்கள் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் எமர்ஜென்சி ஃபிசிஷியன்ஸ் வகுத்த வழிகாட்டுதலைப் பின்பற்றுகின்றன. அதன்படி ஈசிஜி, மானிட்டர், டிஃபிப்ரிலேட்டர், வென்டிலேட்டர், எக்ஸ்ரே, சின்ன லேப், மாரடைப்புக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி எல்லாம் இருக்கும். நல்ல தாலுகா ஆஸ்பத்திரி எமர்ஜென்சி என்று வைத்துக்கொள்ளுங்கள், சில விஷயத்தில் அதைவிட மேல். இல்லாதவை எவை என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம். சிடி ஸ்கேன் இல்லை. அதனால் பக்கவாதம் வந்தால் அது அடைப்பா, ரத்தக் கசிவா என்று கடலில் வைத்துச் சொல்ல முடியாது. சொல்ல முடியாததால் கட்டியைக் கரைக்கும் ஊசியும் போட முடியாது. இதய அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைக்கும் கேத் லேப் இல்லை. ஆபரேஷன் கிடையாது. ரத்த வங்கி கிடையாது. கரை சேரும்வரை உயிரைப் பிடித்து வைத்திருக்கும் இடம் அது. அந்த வேலையை நன்றாகவே செய்யும்.

ரத்த வங்கி இல்லை என்றேன். அப்படியானால் ரத்தம் தேவைப்பட்டால்? ஒரு இரவு அதுதான் நடந்தது. 68 வயதுக்காரர், அப்பா மாதிரியே ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் க்ளோபிடோகிரலும் சாப்பிடுகிறவர். முதல் துறைமுகத்தில் நிறைய நடந்ததில் முழங்கால் வலி. கரையில் ஒரு மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை வாங்கி மூன்று நாள் போட்டிருக்கிறார். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனதை, சாப்பிட்ட ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டார். எங்களிடம் வந்தபோது ஹீமோகுளோபின் 6. அடுத்த துறைமுகத்துக்கு இன்னும் பதினான்கு மணி நேரம். கேப்டன் ஒலிபெருக்கியில் ஓ பாசிட்டிவ் ரத்தம், ரத்ததான அட்டை வைத்திருப்பவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார். இரவு உடையிலேயே பத்துப் பதினைந்து பேர் படியிறங்கி வந்து வரிசையில் நின்றார்கள். ரத்தம் கொடுத்தவர்களில் ஒருவர் அன்று மாலை அந்த நோயாளியின் மேசைக்குச் சூப் கொண்டுபோன பிலிப்பைன்ஸ் பையன். பையிலிருந்து குழாயில் இறங்கும்போது அது இன்னும் சூடாகவே இருந்தது. காலையில் அவரைக் கரை இறக்கினோம். பிழைத்துவிட்டார் என்று பின்னால் தகவல் வந்தது.

ஆகவே அப்பாவுக்கு மூட்டு வலித்தால் பாராசிட்டமால், அவ்வளவுதான். வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கவே வேண்டாம். கறுப்பு மலம் என்றால் அன்றைக்கே கீழே போய்ச் சொல்ல வேண்டும். ரத்த வகை எழுதிய அட்டை ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். கொரோனாவுக்குத் தரும் பாக்ஸ்லோவிட் மாத்திரை க்ளோபிடோகிரலோடு ஒத்துப்போகாது, கொழுப்பு மாத்திரையோடும் இடிக்கும். அங்கே யாராவது எழுதிக் கொடுத்தால் "ஸ்டென்ட் மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று வாய் திறந்து சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்தது நம் ஊர் மாத்திரை அட்டை. இதைப் பற்றி எனக்கு ஒரு தீராத கோபம் உண்டு. மருந்துக் கடையில் பத்து மாத்திரை கேட்டால் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுக்கிறார்கள். பெயர் இருக்கும் பாதி கடையிலேயே தங்கிவிடுகிறது. ஒரு பெரியவர் பிளாஸ்டிக் டப்பா நிறைய வெட்டின அட்டைகளை என் மேசையில் கொட்டி, "இந்த வெள்ளை காலையில, இந்த மஞ்சள் ராத்திரி" என்றார். ஒன்றில் 'பிடோ' என்ற எழுத்துகள், இன்னொன்றில் வெறும் காலாவதி தேதி. எங்கள் டாக்டர் கொலம்பியாக்காரர். முழுப்பெயர் இருந்தாலும் எக்கோஸ்ப்ரின் ஏவி, க்ளைகோமெட் ஜிபி என்பதெல்லாம் அவர் கேள்விப்பட்டதே இல்லை. ஆஸ்பிரின் 75, அடோர்வாஸ்டாடின் 20 என்று எழுதியிருந்தால் உலகத்தில் எந்த டாக்டருக்கும் புரியும்.

அதனால் முழு அட்டையாக வாங்குங்கள். இதய மருத்துவரிடம் ஒரே பக்கத்தில் ஆங்கிலத்தில் டைப் அடித்த கடிதம் வாங்குங்கள்: என்ன நோய், எந்தத் தேதியில் எந்த ரத்தக் குழாயில் ஸ்டென்ட், மருந்துகள் மூலப்பெயரில் என்ன அளவு, என்ன அலர்ஜி. கூடவே அப்பாவின் சமீபத்திய ஈசிஜியைப் படம் எடுத்துப் போனில் வையுங்கள். இதைச் சொன்னால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரும்போது, ஈசிஜியில் தெரியும் மாற்றம் இன்று வந்ததா, பழசா என்பதுதான் டாக்டரின் முதல் கேள்வி. பழைய ஈசிஜி இருந்தால் பதில் அரை நிமிடத்தில் கிடைக்கும். இல்லாவிட்டால் இதயத் தசை அடிபட்டதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேர இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்துகொண்டு காத்திருக்க வேண்டும்.

மருந்து முழுவதும் கைப்பையில்தான் வர வேண்டும், விமானத்திலும் சரி, கப்பலிலும் சரி. ஏறும்போது துறைமுகத்தில் வாங்கிக்கொள்ளும் பெரிய பெட்டி கேபின் வாசலுக்கு வந்து சேர இரவுகூட ஆகலாம். பயண நாளுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுங்கள். அப்பாவோ அம்மாவோ தூக்க மாத்திரை, ஆல்பிரசோலம், கோடீன் கலந்த இருமல் சிரப் ஏதாவது சாப்பிடுகிறார்களா? அப்படியானால் சிங்கப்பூரின் ஹெல்த் சயன்சஸ் அத்தாரிட்டி தளத்தில் பார்த்து, தேவைப்பட்டால் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். விமான நிலையத்தில் போய் விளக்கிக்கொண்டு நிற்கிற விஷயமில்லை அது.

இன்சுலினுக்கு நிறைய பேர் தேவையில்லாமல் பதறுகிறார்கள். உபயோகத்தில் இருக்கும் பேனா ஏசி அறையில் சுமார் நாலு வாரம் தாங்கும். மீதியை மட்டும் குளிரில் வைத்தால் போதும். கேபினில் இருக்கும் குட்டி ஃப்ரிட்ஜ் சில கப்பலில் பெயருக்குத்தான் குளிரும், சிலவற்றில் பின்சுவரில் ஒட்டி வைத்தால் உறைந்தே போகும். உறைந்த இன்சுலினைத் தூக்கித்தான் போட வேண்டும். புக் செய்யும்போதே மருந்து ஃப்ரிட்ஜ் வேண்டும் என்று சொல்லிவையுங்கள். உபயோகித்த ஊசியைப் போட்டு வைக்கும் டப்பாவும் கேட்டால் தருவார்கள். தயவுசெய்து ஊசியைக் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம். கேபின் சுத்தம் செய்யும் பெண் விரலில் குத்திக்கொண்டு அழுதுகொண்டே எங்களிடம் வந்து நின்றதை மறக்க முடியவில்லை. ஆறு மாதம் அவளுக்கு ரத்தப் பரிசோதனை.

இனி யாரும் யோசிக்காத ஒன்று. கப்பலில் சமாளிக்க முடியாத நிலை என்றால் அடுத்த துறைமுகத்தில் நோயாளியை இறக்கிவிடுவார்கள். கூட ஒருவர் இறங்குவார். கப்பல் நேரத்துக்குக் கிளம்பிவிடும், காத்திருக்காது. துறைமுக ஏஜென்ட் ஒருவர் ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, குடியேற்றக் காகிதங்களுக்கு உதவுவார். அதற்கு மேல் எல்லாம் உங்கள் பொறுப்பு. இருபது நிமிடத்தில் பெட்டி கட்டச் சொல்லும்போது குடும்பங்கள் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். பாஸ்போர்ட் ஒருவரிடம், மருந்து வேறு ஒருவரிடம், கார்டு பின் நம்பர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கு மட்டும் தெரியும். இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: அப்பா இறங்கினால் யார் கூடப் போவது, அம்மாவோடு யார் இருப்பது. தனித்தனிக் கார்டு, தனித்தனிப் போன், கடிதத்தின் நகல் எல்லோரிடமும்.

ஒரு வகையில் உங்கள் வழித்தடம் முதல் பயணத்துக்கு மிகப் பொருத்தம். பினாங்கிலும் புக்கெட்டிலும் நல்ல தனியார் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. பினாங்குக்கு வைத்தியத்துக்கென்றே வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். கரை அதிக தூரத்தில் இருக்காது. இதே அப்பாவை அட்லாண்டிக்கைக் கடக்கும் பயணத்திலோ அண்டார்டிகாவுக்கோ கூட்டிப்போகலாமா என்று கேட்டிருந்தால், ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் முடியட்டும் என்று சொல்லியிருப்பேன். நடுக்கடலில் ஹெலிகாப்டர் வரும் என்று சினிமாவை நம்ப வேண்டாம். தூரம், காற்று, இருட்டு எல்லாம் ஒத்துவந்தால்தான் அது வரும். தனியார் ஏர் ஆம்புலன்ஸ் பில் பல லட்சம் ரூபாயைச் சாதாரணமாகத் தாண்டும்.

அதனால் இன்சூரன்ஸ். ஊரில் இருக்கும் மெடிக்ளெய்ம் அட்டை பெரும்பாலும் அங்கே செல்லாது. பயண இன்சூரன்ஸ் எடுக்கும்போது அப்பாவின் ஸ்டென்ட்டையும் அம்மாவின் சர்க்கரையையும் மறைக்காமல் எழுதுங்கள். பிரீமியம் ஏறும், ஏறட்டும். மறைத்து எடுத்த பாலிசி, க்ளெய்ம் வரும்போது வெறும் காகிதம். மூன்று கேள்வி கேளுங்கள்: ஏற்கனவே உள்ள நோயால் வரும் அவசரத்துக்கு எவ்வளவு தொகைவரை தருவார்கள் (பல பாலிசிகளில் உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டும், அதுவும் சின்ன வரம்போடு), கப்பலில் நடக்கும் சிகிச்சை சேருமா, அவசரமாக வேறு இடத்துக்குக் கொண்டுபோகும் செலவு சேருமா. பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். ஏஜென்ட் போனில் "எல்லாம் கவர் ஆகும் சார்" என்பது பதில் ஆகாது.

கப்பல் மருத்துவ மையம் இலவசமில்லை. டாக்டரைப் பார்ப்பதற்கே பல கப்பல்களில் 100 டாலருக்கு மேல். சலைன், ஊசி, மானிட்டரில் ஒரு இரவு என்று போனால் ஆயிரக்கணக்கில் ஏறும். கேபின் கணக்கில் எழுதி, இறங்கும் முன் உங்களிடமே வாங்கிக்கொள்வார்கள். இன்சூரன்ஸ் பணம் பிறகுதான். வகைவாரியான பில், டாக்டர் அறிக்கை, ஈசிஜி நகல் மூன்றையும் கேட்டு வாங்காமல் இறங்காதீர்கள். ஊர் வந்த பிறகு மெயில் போட்டு வாங்குவது தனித் தவம்.

தடுப்பூசி: ஃப்ளூ ஊசியைக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே இருவரும் போட்டுக்கொள்ளட்டும். உலகத்தின் இரண்டு பாதியிலிருந்தும் ஆட்கள் ஏறி இறங்குவதால் கப்பலில் ஃப்ளூவுக்குக் காலமே கிடையாது. நிமோனியா தடுப்பூசி இதுவரை போடவில்லை என்றால் இந்த வயதில், சர்க்கரையோடு, போட வேண்டியதுதான். மஞ்சள் காய்ச்சல் ஊசி இந்த வழிக்குத் தேவையில்லை. பிரேசில், ஆப்பிரிக்கா பக்கம் போகிறவர்கள்தான் குறைந்தது பத்து நாள் முன்னதாக கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் மாதிரி அங்கீகரித்த மையத்தில் போட வேண்டும். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் ஊருக்குள் விடுவதற்கு முன் ஆறு நாள்வரை தனியாக வைத்துவிடுவார்கள்.

கடல் ஆட்டத்துக்கு மலாக்கா நீரிணையில் பெரிதாகப் பயப்பட வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் புக்கெட்டை நெருங்கும்போது கொஞ்சம் ஆடும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் கேபின் எடுங்கள், விலையும் குறைவு. ஆட்டத்தால் வரும் வாந்தியைத் தடுக்கும் அவோமின் மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டால் பிரயோஜனமில்லை, முன்னதாகப் போட வேண்டும். ஆனால் அது தூக்கம் வரவழைக்கும். புராஸ்டேட் தொந்தரவோ கண் அழுத்தமோ இருந்தால் அப்பா டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

நான் பார்த்த எலும்பு முறிவுகளில் முக்கால்வாசி பாத்ரூம் வாசலில் நடந்தவை. கப்பல் பாத்ரூமுக்கு ஒரு விளிம்பு உண்டு, நம் வீட்டு வாசப்படி மாதிரி. பழகாத கால் இரவில் அங்கேதான் தடுக்கும். ஒரு சின்ன இரவு விளக்கு எடுத்துப்போங்கள். இன்னொரு இடம் புக்கெட். அங்கே கப்பல் கடலில் நங்கூரம் போட்டு, டெண்டர் படகில் கரைக்கு அழைத்துப்போவது உண்டு. அலையில் படகு ஏறி இறங்கும்போது கால் எடுத்து வைப்பது முழங்கால் வலிக்காரர்களுக்குச் சுலபமில்லை. அம்மா தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். ஊர் பார்க்கப் போனவர்கள் திரும்பும்வரை காலியான கப்பல் அவ்வளவு அமைதியாக இருக்கும், அதை அனுபவிக்கட்டும். பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெந்நீர்த் தொட்டியில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். அந்தத் தொட்டிகளைச் சரியாகப் பராமரிக்காவிட்டால் நிமோனியா தரும் லீஜியோனெல்லா கிருமி வளரும். 2022-க்கும் 2024-க்கும் நடுவில் இரண்டு கப்பல்களில் பால்கனி வெந்நீர்த் தொட்டிகளிலிருந்து அது பரவியிருக்கிறது. உங்கள் பெற்றோருக்கு அது இல்லாமலும் பயணம் நிறையும்.

ஏறின அன்று மாலை, மற்றவர்கள் மேல் தளத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போது, அப்பாவை லிஃப்ட்டில் கீழே கூட்டிப்போய் மருத்துவ மையத்தின் கதவைக் காட்டிவிட்டு வாருங்கள். அந்த டைப் அடித்த கடிதத்தின் நகல் ஒன்றைக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ராத்திரியில் போன் வந்தால் மாடியேறும்போதே நாங்கள் படித்துக்கொண்டு வரலாம்.

அம்மாவின் ஊறுகாய்: வீட்டில் போட்டதைப் பெரும்பாலான கப்பல்களில் உள்ளே விடமாட்டார்கள். கடையில் வாங்கிய, சீல் உடைக்காத சின்ன பாக்கெட்டை விடுவது உண்டு. உங்கள் கப்பலின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்களில் இந்தியச் சாப்பாட்டுப் பகுதி அநேகமாக இருக்கும், அங்கே கேட்டால் எலுமிச்சை ஊறுகாய் வரும். கொஞ்சம் உப்பு தூக்கலாக இருக்கும், அப்பா பக்கம் தள்ளாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.